கைவிளக்கும் கணக்கேடும்: புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் வாழ்க்கை



கையிலே விளக்கேந்தி, நள்ளிரவில் நோயாளிகளின் கட்டில்களுக்கிடையே நடந்து செல்லும் ஒரு மாதரசியின் படத்தை நீங்கள் எங்காவது கண்டிருப்பீர்கள். பிள்ளைகளின் பாடப் புத்தகத்தில் பார்த்திருக்கலாம். ஆஸ்பத்திரிச் சுவரொன்றில் மாட்டியிருக்கப் பார்த்திருக்கலாம். விளக்கேந்திய சீமாட்டி என்று உலகம் போற்றும் புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரே அவர். அவர் பிறந்த நாளாகிய மே 12-ஆம் திகதியே உலகத் தாதியர் தினமாக அனுசரிக்கப்படுகிறது.

அம்மையார் கத்தோலிக்கர் அல்லர். இங்கிலாந்துத் திருச்சபையில் வளர்ந்து, அதிலேயே கண்மூடியவர். ஆயினும் நம் கன்னியரிடம் தொழில் கற்றவர். அவர்களோடு தோளுக்குத் தோள் நின்று உழைத்தவர். கொத்மலையின் மலைச்சரிவுகளில் தேயிலையோடு வாழும் குடும்பங்கள் அவரை அறிந்துகொள்ள இதைவிடப் பெரிய காரணமும் ஒன்று உண்டு. அந்தப் படம் அவருடைய வாழ்வின் ஒரு சிறு பகுதியையே காட்டுகிறது. விளக்கோடு அவர் போர்முனை ஆஸ்பத்திரியில் நடந்த காலம் இரண்டு வருடத்துக்கும் குறைவு. அதன் பின் அரை நூற்றாண்டு காலம் அவர் கையில் இருந்தவை பேனாவும் கணக்கேடுமே. நோயாளியின் கட்டிலருகே கண்டதைக் கொண்டு, ஒரு நாட்டின் சுகாதாரத் திட்டத்தையே வகுக்கத் தாதியால் முடியும் என்று காட்டியவர் அவர். அந்தக் கதையைத்தான் இங்கே சொல்ல வருகிறோம்.

இறைவனின் அழைப்பு

1820-ஆம் ஆண்டு இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் அவர் பிறந்தார். பிறந்த ஊரின் பெயரையே பெற்றோர் அவருக்குச் சூட்டினர். செல்வம் கொழித்த ஆங்கிலேயக் குடும்பம் அது. கோடைக்கு ஒரு மாளிகை, குளிர்காலத்துக்கு ஒரு மாளிகை, வேலைக்காரர் பலர். தந்தையார் மகளுக்குக் கிரேக்கம், இலத்தீன், சரித்திரம் எல்லாம் தாமே கற்பித்தார். கணிதத்தில் அந்தச் சிறுமிக்கிருந்த ஆசை வீட்டாருக்கே வியப்பளித்தது.

1837-ஆம் ஆண்டு பெப்ருவரி 7-ஆம் திகதி, பதினாறு வயதில், தம்முடைய பணிக்கு வரும்படி இறைவன் தம்மை அழைத்ததாக அவர் உணர்ந்தார். எந்தப் பணி என்பது அப்போது தெரியவில்லை. ஊர்க் குடிசைகளில் நோயுற்றோரைப் பார்க்கப் போய்வந்த பிறகே அது தெளிவாயிற்று. ஆனால் வீட்டில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. அக்காலத்து ஆங்கிலேய ஆஸ்பத்திரிகளில் நோயாளரைப் பார்த்துக்கொண்ட பெண்களுக்குப் பயிற்சியும் இல்லை, நற்பெயரும் இல்லை. மகள் அங்கே போவதாவது என்று தாயாரும் தமக்கையும் துடித்தனர். நல்ல வரன்கள் வந்தன, அவர் மறுத்துவிட்டார். ஏறக்குறைய பதினாறு ஆண்டுகள் காத்திருந்தார். அந்தக் காலத்தில் பல நாடுகளின் ஆஸ்பத்திரி அறிக்கைகளை வரவழைத்து, விடியுமுன் எழுந்து படித்துக் குறிப்பெடுத்து வந்தார்.

1848-ஆம் ஆண்டு ரோமாபுரியில் தங்கியிருந்தபோது, அங்குள்ள திருஇருதயக் கன்னியர் மடத்தில் பத்து நாள் தியானம் செய்தார். 1851-இல் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த் என்ற ஊரில், புரட்டஸ்தாந்து சகோதரிகள் நடத்திய ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் பயிற்சி பெற்றார். 1853-இல் பாரிஸ் நகரம் சென்று, புனித வின்சென்ட் தே பவுலின் பிறரன்புச் சகோதரிகளின் பணியைக் கண்டறிந்தார். பிற்காலத்தில் கர்தினாலாக உயர்ந்த மானிங் அடிகளாரே இதற்கு ஏற்பாடு செய்தவர். தம் திருச்சபை பெண்களுக்கு ஒரு வேலையும் பயிற்சியும் தரவில்லையே, கத்தோலிக்கத் திருச்சபையோ கன்னியர் மடங்களின் வழியாக இரண்டையும் தருகிறதே என்ற ஏக்கம் அவருக்கு நீண்ட நாள் இருந்தது.

அதே 1853-இல் இலண்டனில் நோயுற்ற பெண்களுக்கான ஒரு சிறு இல்லத்தின் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. அங்கே அவர் முதலில் கேட்டவை என்ன தெரியுமா? ஒவ்வொரு மாடிக்கும் குழாய் வழியாகச் சுடுநீர். உணவை மேலே ஏற்ற ஒரு தூக்குப் பெட்டி. நோயாளி அழைத்தால் எந்த அறை என்று தாதி அறியும்படி மணிகள். மாடிப்படி ஏறி இறங்குவதிலேயே தாதியின் நேரம் கரைந்தால் நோயாளியைப் பார்ப்பது யார்? கத்தோலிக்கர் உட்பட எந்தச் சமயத்தவரும் அங்கே சேர்க்கப்படவேண்டும் என்றும் வாதாடி வென்றார். கட்டடமும் ஒழுங்கும் சரியாக அமைந்தாலன்றித் தாதியின் அன்பு நோயாளியைச் சென்றடையாது என்பதை அவர் அன்றே கண்டுகொண்டார்.

விளக்கொளியில் தெரியாதது

1854-இல் கிரிமியா யுத்தத்தில் இங்கிலாந்தும் இறங்கியது. காயமுற்ற ஆங்கிலேயப் போர்வீரர்கள் கவனிப்பாரற்று மடிகிறார்கள் என்ற செய்தி பத்திரிகைகளில் வெளிவந்து நாட்டையே உலுக்கியது. போர்த்துறை அமைச்சராயிருந்த சிட்னி ஹெர்பர்ட் அம்மையாரின் நண்பர். அவர் வேண்டுகோளின்படி 38 பெண்களோடு அம்மையார் புறப்பட்டு, நவம்பர் மாதத் தொடக்கத்தில் துருக்கி நாட்டின் ஸ்கூட்டாரி ஆஸ்பத்திரியை அடைந்தார். அந்த 38 பேரில் 10 பேர் நம் கத்தோலிக்கக் கன்னியர் என்பதை மறக்கவேண்டாம். அவர்களுள் பெர்மண்ட்சி மடத்து இரக்கத்தின் சகோதரிகளின் தலைவி அன்னை மேரி கிளேர் மூர், அம்மையாரின் வலக்கையாக விளங்கினார். அந்தப் பொறுப்பை வகிக்கத் தம்மைவிடத் தகுதி வாய்ந்தவர் அவரே என்று அம்மையார் பின்னர் மனந்திறந்து எழுதினார். பின்பு வந்த அயர்லாந்துக் கன்னியரின் தலைவியோடு அதிகாரம் பற்றிப் பிணக்கும் ஏற்பட்டது. நல்ல பணியிலும் மனிதர் மனிதராகவே இருக்கிறார்கள்.

அங்கே அவர் கண்டது நரகம். கட்டில் போதவில்லை, துணியில்லை, சவர்க்காரம் இல்லை, எலியும் பேனும் ஊர்ந்தன. அம்மையார் குசினி அமைத்தார். ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துக் கொதிகலன்கள் வைத்து, போர்வீரரின் மனைவியரைக் கொண்டு துணி வெளுப்பித்தார். இரவில் விளக்கோடு வார்டுகளைச் சுற்றி வந்தார். மடியும் வீரர்களுக்காகத் தாய்மாருக்குக் கடிதம் எழுதினார்.

இவ்வளவு செய்தும் என்ன நடந்தது? அந்த முதல் மாரி காலத்தில் அங்கே 4,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். காயத்தால் இறந்தவர் சிலரே. வயிற்றுளைவு, வாந்திபேதி, காய்ச்சல் ஆகியவையே பெரும்பாலோரைக் கொண்டுபோயின. 1855 பெப்ருவரியில் அனுமதிக்கப்பட்டோரில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அன்பு குறையவில்லை, உழைப்பும் குறையவில்லை. மரணமோ கூடிக்கொண்டே போயிற்று.

மார்ச் மாதம் இலண்டனிலிருந்து ஒரு சுகாதாரக் குழு வந்தது. டாக்டர் சதர்லாந்து, பொறியியலாளர் ராவ்லின்சன் ஆகியோர் அதில் இருந்தனர். அவர்கள் கட்டடத்தின் அடியில் தோண்டிப் பார்த்தபோது, அடைபட்டு அழுகிய மலக்கால்வாய்களின் மேலேயே ஆஸ்பத்திரி நிற்பது தெரிந்தது. குடிநீர் வரும் வழியில் செத்த மிருகத்தின் உடல் கிடந்தது. கால்வாய்களைக் கழுவினர், நீர்வழியைச் சுத்தம் செய்தனர், சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்தனர், காற்றோட்டத்துக்கு வழி செய்தனர். ஜூன் மாதத்தில் மரணம் நூற்றுக்கு இரண்டு அளவுக்கு இறங்கிவிட்டது.

கணக்கேடு

1856-இல் அம்மையார் நாடு திரும்பினார். வரவேற்பு விழாக்களைத் தவிர்த்து, யாருக்கும் தெரியாமல் வீடு சேர்ந்தார். யுத்தகளத்தில் பிடித்த காய்ச்சலின் விளைவு அவரை ஆயுள் முழுவதும் வாட்டியது. பல ஆண்டுகள் கட்டிலோடு கிடந்தார். அந்தக் கட்டிலே அவரது காரியாலயமாயிற்று.

வில்லியம் பார் என்ற புள்ளிவிபர அறிஞரோடு அமர்ந்து, ஸ்கூட்டாரியின் மரணக் கணக்குகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். உணவுக் குறைவும் அதிக உழைப்புமே வீரர்களைக் கொன்றன என்று அதுவரை நம்பியிருந்தவர், அசுத்தமான கட்டடமே பெருங்காரணம் என்று கண்டார். தாம் தலைமை தாங்கிய ஆஸ்பத்திரியைப் பற்றிய இந்தக் கசப்பான உண்மையை அவர் மூடி மறைக்கவில்லை. அரசியாரும் அமைச்சர்களும் ஒரே பார்வையில் விளங்கிக்கொள்ளும்படி, மாதவாரியான மரணங்களை நிறம் தீட்டிய வட்டப் படங்களாக வரைந்து காட்டினார். சமாதான காலத்திலும் படைமுகாம்களில் இருந்த இளம் வீரர்கள், வெளியிலுள்ள அதே வயதினரைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு இறந்தார்கள் என்று நிரூபித்தார். அரச ஆணைக்குழு நியமிக்கப்பட்டது. முகாம்களுக்குக் காற்றும் வெளிச்சமும் வடிகாலும் வந்தன. 1858-இல் இலண்டன் புள்ளிவிபரச் சங்கம் அவரைத் தன் அங்கத்தவராகத் தெரிந்தெடுத்தது. அந்தப் பெருமையைப் பெற்ற முதற் பெண் அவரே.

1859-இல் தாதியர் பணி பற்றிய அவரது நூல் எழுந்தது. வீட்டின் ஆரோக்கியத்துக்குத் தூய காற்று, தூய நீர், ஒழுங்கான வடிகால், துப்புரவு, வெளிச்சம் ஆகிய ஐந்தும் வேண்டும் என்று அதில் வற்புறுத்தினார். 1861-இல் அந்த நூலைத் தொழிலாளர் குடும்பங்களுக்கென மலிவுப் பதிப்பாகவும் வெளியிட்டார். தாய் வேலைக்குப் போனபின் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் சிறுமிகளுக்கென்றே அதில் ஓர் அதிகாரத்தைச் சேர்த்தார். தாய் கொழுந்து பறிக்க மலைக்குப் போனபின் தம்பியை இடுப்பில் சுமந்து நின்ற அக்காமாரை அறிந்த நமக்கு, அந்த அதிகாரத்தின் அருமை நன்கு விளங்கும்.

மக்கள் நன்றியோடு திரட்டிக் கொடுத்த நிதியைக் கொண்டு, 1860-இல் இலண்டன் புனித தோமையார் ஆஸ்பத்திரியில் தாதியர் பயிற்சிப் பாடசாலை தொடங்கப்பட்டது. அங்கே பயின்ற ஆக்னஸ் ஜோன்ஸ் 12 தாதியரோடு 1865-இல் லிவர்பூல் நகரத்து ஏழைகளின் ஆஸ்பத்திரிக்குச் சென்றார். மூன்றே ஆண்டில் நச்சுக் காய்ச்சலுக்குத் தம் உயிரையே காணிக்கையாக்கினார்.

நம் முன்னோரின் நாட்டை நோக்கி

வாசகர்களே, இனி வருவது நமக்கு இன்னும் நெருக்கமான பகுதி. அம்மையார் இந்தியாவைக் கண்ணால் கண்டதே இல்லை. ஆயினும் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்தியாவின் சுகாதாரமே அவருடைய பெருங்கவலையாக இருந்தது. இந்தியாவிலுள்ள படைமுகாம்கள் அனைத்துக்கும் அவர் ஒரு வினாப்பத்திரம் தயாரித்து அனுப்பச் செய்தார். குடிநீர் எங்கிருந்து வருகிறது? கழிவு எங்கே போகிறது? எத்தனை பேர் ஓர் அறையில் படுக்கிறார்கள்? வந்த பதில்களை மூட்டை மூட்டையாகப் படித்தார். ஆங்கிலேய வீரர்கள் அங்கே ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 69 பேர் வீதம் இறந்துகொண்டிருந்தனர். 1863-இல் அறிக்கை வந்தது. அடுத்த ஆண்டே சென்னை, வங்காளம், பம்பாய் மாகாணங்களில் சுகாதாரக் குழுக்கள் அமைந்தன. பத்து ஆண்டுகளில் அந்த மரண விகிதம் 18 ஆயிற்று.

படைவீரரைப் பற்றித் தொடங்கிய கவலை சுற்றியுள்ள குடியானவரிடம் விரிந்தது. முகாமைச் சுத்தம் செய்து, பக்கத்துக் கிராமத்தை அழுக்கில் விட்டால் என்ன பயன்? 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் வாட்டி, பல லட்சம் பேரைப் பலிகொண்டது. அந்தப் பஞ்சத்துக்குத் தப்பியே நம் பாட்டன் பூட்டன்மார் பலர் கடல் கடந்து, காடு கடந்து, இந்த மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களுக்கு வந்தனர். அதே வேளையில் இலண்டனில் ஒரு நோயாளிக் கட்டிலில் இருந்த அம்மையார், ஆர்தர் காட்டன் என்ற நீர்ப்பாசன வல்லுநரோடு சேர்ந்து, கால்வாய் வெட்டுங்கள், குடியானவனைக் கடன்காரனின் பிடியிலிருந்து விடுவியுங்கள் என்று அரசாங்கத்தோடு போராடிக்கொண்டிருந்தார். பசித்தவனுக்கு மருந்து கொடுப்பதால் மட்டும் அவன் பிழைக்கமாட்டான் என்பது தாதிக்குத் தெரியும். அவருடைய வேண்டுகோள்கள் பல ஏற்கப்படவில்லை. அதற்காக அவர் பேனாவைக் கீழே வைத்ததில்லை.

குடிசை வாசலுக்கு வந்தவர்கள்

தமது எழுபத்திரண்டாம் வயதில், 1892-இல், அவர் இன்னொரு திட்டம் வகுத்தார். இங்கிலாந்தின் பக்கிங்காம்ஷயர் கிராமங்களில் சில பெண்களைத் தெரிந்து, சுகாதார வைத்திய அதிகாரியைக் கொண்டு பயிற்சி கொடுத்து, வீடு வீடாக அனுப்பும் திட்டம் அது. மேடைப் பேச்சு மட்டும் போதாது. தாயின் குசினிக்குள் மரியாதையோடு நுழைந்து, அவள் மனத்தை வென்று, குழந்தையைக் குளிப்பாட்டுவதையும் தண்ணீரைக் காப்பதையும் செய்து காட்டவேண்டும் என்றார். அதிகாரம் செய்கிறவளாகப் போகாமல் தோழியாகப் போகவேண்டும் என்பது அவர் கட்டளை. இன்று உலகெங்கும் வீடு தேடி வரும் சுகாதாரப் பணியாளரின் முன்னோடிகளுள் அந்தப் பெண்களும் அடங்குவர்.

1907-இல் அரசாங்கத்தின் மிக உயர்ந்த விருதுகளுள் ஒன்றைப் பெற்ற முதற் பெண்ணானார். அப்போது அவர் கண் பார்வை மங்கியிருந்தது. 1910 ஆகஸ்ட் 13-ஆம் திகதி, தொண்ணூறாம் வயதில் அமைதியாக உயிர் நீத்தார். அரசர்கள் துயிலும் பேராலயத்தில் அடக்கம் செய்ய முன்வந்தனர். அவர் விருப்பப்படி குடும்பத்தார் மறுத்து, ஊர்க்கோயில் மயானத்தில் அடக்கம் செய்தனர். கல்லறையில் முழுப் பெயர்கூட இல்லை. முதலெழுத்துக்களும் பிறந்த, இறந்த திகதிகளுமே உள்ளன.

நம் மலைகளில்

அம்மையார் கற்ற பாடத்தை நம் மலைநாடும் பெரும் விலை கொடுத்தே கற்றது. தோட்டத் தொழிலாளரின் வைத்தியத்துக்கென 1872-இல் சட்டம் வந்தது. ஆயினும் லயம் லயமாகவே இருந்தது. 1916-இல் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழுவை ஒழிக்கும் இயக்கம் தொடங்கியது. மருந்து கொடுத்தார்கள்; புழு விழுந்தது. மலசலகூடம் இல்லாத தோட்டத்தில், வெறுங்காலோடு நடந்த தொழிலாளியின் உடலுக்குள் அதே புழு மீண்டும் புகுந்தது. ஸ்கூட்டாரியின் கதைதான் இது. 1926-இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு அமைந்தபோது, பொதுச் சுகாதாரத் தாதியும் மருத்துவ மாதும் வீடு வீடாகச் செல்லும் முறை நம் தீவிலும் வேரூன்றியது. தோட்டங்களை அது முழுமையாக வந்தடைய நெடுங்காலம் பிடித்தது. 1973, 1974 ஆண்டுகளின் உணவுப் பஞ்சத்தில் தோட்டத்துச் சிசுக்களும் முதியோரும் மடிந்ததை மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள்.

இன்று நிலைமை எவ்வளவோ முன்னேறியுள்ளது. பிரசவம் ஆஸ்பத்திரியில் நடக்கிறது. கர்ப்பிணிகளுக்குக் கிளினிக் உண்டு. நம் பிள்ளைகளே தாதியராகவும் மருத்துவ மாதராகவும் வெள்ளைச் சீருடை அணிகிறார்கள். ஆனால் ஒன்று கேட்கிறோம். தோட்டத்துக்குப் புதிய குடிநீர்த் திட்டம் வரும்போது, எந்தப் பீலியின் மேற்புறத்தில் மலசலகூடம் இருக்கிறது என்பதை அறிந்தவர் யார்? எந்த லயத்துக் குழந்தைகளுக்கு மாதந்தோறும் வயிற்றோட்டம் வருகிறது, எந்தக் காம்பராவில் புகை போக வழியில்லாமல் பிள்ளை இருமுகிறது, எந்தத் தாய் இரத்தம் குறைந்து மலையேறுகிறாள் என்பதை அறிந்தவர் யார்? வீடு வீடாக ஏறி இறங்கும் மருத்துவ மாதுதான். பிள்ளையை நிறுத்து அட்டையில் குறிக்கும் தாதிதான். திட்டம் தீட்டும் மேசையில் அவருக்கு நாற்காலி போடப்படுகிறதா? அல்லது எல்லாம் முடிவான பின் செய்யவேண்டியதை மட்டும் சொல்லி அனுப்புகிறோமா?

நம் ஆண்டவர் சொன்ன நல்ல சமாரியனை நினைத்துப் பாருங்கள். அவன் காயத்துக்கு எண்ணெய் வார்த்துக் கட்டியதோடு போய்விடவில்லை. தன் மிருகத்தின்மேல் ஏற்றிச் சத்திரம் சேர்த்தான். மறுநாளைக்கும் அதற்கடுத்த நாட்களுக்கும் பணம் கொடுத்து ஏற்பாடு செய்தான். திரும்பி வந்து கணக்குத் தீர்ப்பதாகவும் வாக்களித்தான். இரக்கம் கட்டுப்போடுவதில் தொடங்குகிறது. ஏற்பாடு செய்வதில் முழுமை பெறுகிறது.

ஆகவே, அன்பர்களே, உங்கள் தோட்டத்துக்கு மருத்துவ மாது வரும்போது வாசலில் நிறுத்திவைக்காமல் உள்ளே அழையுங்கள். மறைக்காமல் உண்மையைச் சொல்லுங்கள். பிள்ளையின் சுகாதார அட்டையைப் பத்திரமாக வையுங்கள். அதிலுள்ள புள்ளிகளும் கோடுகளும் அம்மையார் வரைந்த படங்களின் வழித்தோன்றல்களே. மாதர் சங்கத்திலும் பங்குச் சபையிலும் தண்ணீரைப் பற்றியும் கானைப் பற்றியும் பேச்சு வரும்போது, தாதியாக இருக்கும் உங்கள் ஊர்ப் பெண்ணைக் கூப்பிட்டு அவள் சொல்வதைக் கேளுங்கள். தோட்ட நிர்வாகத்துக்கோ பிரதேச சபைக்கோ மனு எழுதும்போது, எத்தனை வீடு, எத்தனை குழந்தை, எத்தனை முறை நோய் என்று எண்ணி எழுதுங்கள். வெறும் முறைப்பாட்டை ஒதுக்கிவைக்கலாம். எண்ணி எழுதிய கணக்கை ஒதுக்குவது அத்தனை எளிதல்ல.

தாதித் தொழிலைத் தேர்ந்துகொண்ட மகள் உங்கள் வீட்டில் இருந்தால், அவளுக்கு அந்த விளக்கின் கதையோடு கணக்கேட்டின் கதையையும் சொல்லுங்கள். கொத்மலை ஓயாவின் இருமருங்கும் உள்ள தோட்டங்களில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையும் வளர்ந்து பள்ளி செல்லும் நாளுக்காக அவள் உழைக்கட்டும். நோயுற்றோரின் ஆரோக்கியமாகிய அன்னை மரியாள் அவளுக்குத் துணை நிற்பாளாக.